தொலைந்த பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு?

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்தபோது, ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியோ செக்காலை ரோட்டு நள்ளிரவு டீயைப் பற்றியோ நாலு பக்கம் எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதே வாரம் இன்னொரு போன் வந்தது. பேசியவர் நம் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி.

"அண்ணே, லைப்ரரில உங்க பேட்ச் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பாத்தோம். அதையே அடிப்படையா வச்சு இந்த வருஷம் பண்ணலாம்னு இருக்கோம். கோட் இருந்தா அனுப்புறீங்களாண்ணே?"

எனக்கு வயிற்றில் லேசாகப் புளியைக் கரைத்தது. 2010-இல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் அது. கருநீல காலிகோ பைண்டிங்கில் பொன்னெழுத்துத் தலைப்பு. தமிழில் சொன்னால், "நகரும் கம்பியில்லா அட்-ஹாக் வலைப்பின்னல்களில் நெரிசல் கட்டுப்பாட்டை மேம்படுத்துதல்". எங்கள் முறையில் பாக்கெட் இழப்பு குறைகிறது என்று கடைசி அத்தியாயத்தில் அழகான கோட்டுப்படமும் போட்டிருந்தோம். கோட் அனுப்புவது பெரிய காரியமில்லை. அதற்கு முன் அந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நீளும். ஆகவே மெஸ் சாம்பாரை அடுத்த மலருக்கு ஒத்திவைத்துவிட்டு அதை இங்கே எழுதுகிறேன். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் அட்-ஹாக் வலைப்பின்னல் என்றால் என்ன? நம் செல்போன்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒவ்வொன்றும் டவரோடு பேசுகிறது. டவர் இல்லையென்றால் கதை முடிந்தது. அட்-ஹாக் முறையில் டவரே கிடையாது. பக்கத்தில் இருக்கும் கருவி அடுத்ததற்குக் கொடுக்கும், அது அதற்கடுத்ததற்கு. வீட்டுக்குத் தளம் போடும்போது கலவைச் சட்டியை வரிசையாக நின்று கைமாற்றி மேலே ஏற்றுவார்களே, அதேதான். ஒரு வித்தியாசம், இங்கே வரிசையில் நிற்பவர்கள் நின்ற இடத்தில் நிற்கமாட்டார்கள். நடந்துகொண்டே இருப்பார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று நானும் மாணவனாக இருந்தபோது கேட்டதில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் அப்பத்தா அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்தார். நான் சென்னையில். கரண்ட் போய், டவர்கள் போய், மூன்று நாள் தகவல் இல்லை. கடைசியில் ஊர்ப் பையன் ஒருவன் பைக்கில் சிக்னல் கிடைக்கும் இடம்வரை வந்து, "அப்பத்தா நல்லாருக்கு, மாட்டுக்கொட்டாய் மட்டும் போயிருச்சு" என்று சொன்னான். ஊரில் வீட்டுக்கு வீடு செல்போன் இருந்தது. பேட்டரி இருந்தவரை எல்லாம் உயிரோடுதான் இருந்தன. ஆனால் பக்கத்து வீட்டுப் போனோடு பேசத் தெரியாத போன்கள்.

கம்பியில்லாமல் பாக்கெட் அனுப்பும் வரலாறு ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 1971-இல் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுக்குத் தீவு ரேடியோவில் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். அலோஹா என்று பெயர். யாருக்குத் தகவல் இருக்கிறதோ அவர் பேசிவிட வேண்டியது, மோதினால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பேச வேண்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது. மீதி மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு 1973-இல் பாக்கெட் ரேடியோ திட்டத்தைத் தொடங்கியது. 1977 நவம்பர் 22 அன்று கலிபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து கிளம்பிய பாக்கெட்டுகள் ரேடியோ, செயற்கைக்கோள், தொலைபேசிக் கம்பி என்று மூன்று வகை வலைகளைக் கடந்து போய்ச் சேர்ந்தன. இன்டர்நெட் பிறந்த நாளாகச் சிலர் இதைச் சொல்வார்கள். அதன் தொட்டிலில் ஒரு நகரும் கம்பியில்லாக் கருவி இருந்திருக்கிறது.

ஆனால் நெரிசல் கட்டுப்பாடு பிறந்தது ரேடியோவில் அல்ல, கம்பியில். சிக்கலே அங்கேதான்.

1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு படுத்துவிட்டது. தூரம் சுமார் 400 கஜம்தான். நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட்தான் போயிற்று. ஆளை அனுப்பிக் கையில் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும். (நம் நாட்டில் ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., பம்பாய் என்.சி.எஸ்.டி., மத்திய மின்னணுவியல் துறை ஆகியவற்றை இணைக்க எர்நெட் திட்டம் தொடங்கியதும் இதே 1986-தான். பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். வழியாக இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15.)

ஏன் படுத்தது? நம் சிவகங்கைச் சீமைக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக உபரி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு சின்னக் கண்மாய். பாக்கெட்டுகள் அதில் தேங்கி நின்று போகும். நிறைந்துவிட்டால் வருகிற பாக்கெட் வெளியே வழிந்து வீணாகிவிடும். அனுப்பியவர் என்ன செய்வார்? பதில் வரவில்லையே என்று அதையே திரும்ப அனுப்புவார். நிறைந்த கண்மாயில் மேலும் தண்ணீர். எல்லோரும் இப்படிச் செய்தால், ஓடுவது முழுக்கப் பழைய பாக்கெட்டின் நகல்களாகவே இருக்கும். இந்த ஆபத்தை ஜான் நேகிள் 1984-லேயே எழுதி எச்சரித்திருந்தார்.

வான் ஜேக்கப்சன் மைக்கேல் கேரல்ஸோடு சேர்ந்து இதற்கு மருந்து கண்டுபிடித்து 1988-இல் கட்டுரையாக வெளியிட்டார். மருந்து எளிமையானது. பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொள். வேகத்தைச் சடாரென்று குறை. பிறகு மெல்ல மெல்ல ஏற்று. ரவுட்டர் எதையும் மாற்ற வேண்டாம். அனுப்புகிறவர் நாணயமாக நடந்துகொண்டால் போதும். இன்றைக்கும் டி.சி.பி.யின் அஸ்திவாரம் இதுதான்.

இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கம்பியில் பாக்கெட் பழுதாகித் தொலைவது நூற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே தொலைந்தால் அது நெரிசலால்தான். ஜேக்கப்சன் அதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே எழுதியிருந்தார். கம்பிக்கு அது சரி. பின்னால் வந்தவர்கள்தான் அனுமானத்தை மறந்துவிட்டு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பியில்லா உலகத்துக்கு வந்தோம்.

அதே 1988 மாநாட்டில் இன்னொரு கட்டுரையும் இருந்தது. எழுதியவர்கள் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின். இருவருமே பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் படித்தவர்கள். கண்மாய் வழிந்த பிறகு தெரிந்து என்ன பயன், நீர்மட்டம் ஓர் அளவுக்கல்லைத் தொட்டவுடனே சொல்லியனுப்பலாமே என்பது இவர்கள் யோசனை. ரவுட்டரில் வரிசை நீண்டால் பாக்கெட்டிலேயே ஒரு பிட்டை ஏற்றி அனுப்பிவிடும். இந்த எண்ணம் வளர்ந்து 2001-இல் இன்டர்நெட் தரநிர்ணயமாகவே வந்தது. எங்கள் ப்ராஜெக்ட் இந்த மரத்தின் ஒரு கிளையில் தொங்கியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரேடியோவில் பாக்கெட் எதனால் தொலைகிறது? மழை, சுவர், மின்விசிறி, எது வேண்டுமானாலும் சிக்னலைக் கெடுக்கலாம். டி.சி.பி.க்கு அது தெரியாது. "ஐயோ நெரிசல்" என்று வேகத்தைக் குறைத்துவிடும். சாலை காலியாக இருக்க, ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதற்காக வண்டியை ஓரங்கட்டுகிற டிரைவர் மாதிரி. சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-இல் பட்டம் பெற்று பெர்க்லி போன ஹரி பாலகிருஷ்ணன், 1995-இல் தன் சகாக்களோடு இதற்கு ஒரு வழி சொன்னார். ஸ்னூப் என்று பெயர். ரேடியோ நிலையத்திலேயே பாக்கெட்டுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, காற்றில் தொலைந்தால் அங்கிருந்தே திரும்ப அனுப்பிவிடுவது. அனுப்பியவர் காதுக்கு விஷயம் போகாது, அவரும் பதற மாட்டார். 2023-இல் மார்க்கோனி பரிசு பெற்றவர் இவர்தான்.

ஆனால் ஸ்னூப்பிலும் ஒரு நிலையம் வேண்டும். நிலையமே இல்லாத அட்-ஹாக்கில்? 1990-களின் பின்பாதியில் இந்தக் கேள்வி சூடு பிடித்தது. பாதை கண்டுபிடிக்கும் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1994-இல் டி.எஸ்.டி.வி., 1996-இல் டி.எஸ்.ஆர்., 1999-இல் ஏ.ஓ.டி.வி. அவற்றைத் தாண்டிப் போகிறேன். நம் விஷயம் தொலைந்த பாக்கெட்.

ஆள் நகர்ந்து பாதை அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். டி.சி.பி. ஒரு நொடி பொறுத்துத் திரும்ப அனுப்பும். பதில் இல்லையென்றால் அடுத்து இரண்டு நொடி, பிறகு நான்கு, எட்டு என்று காத்திருப்பு இரட்டிப்பாகும். அதாவது அறுந்ததிலிருந்து 1, 3, 7, 15-ஆவது நொடிகளில்தான் கதவைத் தட்டும். பாதை நான்காவது நொடியில் சரியாகிவிட்டாலும் ஏழுவரை சும்மா உட்கார்ந்திருக்கும். எட்டில் சரியானால் பதினைந்துவரை. நெரிசல் துளியும் இல்லை. வழி காலி. அனுப்புகிறவர் மட்டும் கும்பகர்ணன்.

1998-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்திலிருந்து ஒரு குழு இதற்கு டி.சி.பி.-எஃப் என்ற முறையைச் சொன்னது. பாதை அறுந்ததும் நடுவில் உள்ள கருவி, "வழி போச்சு, அப்படியே நில்" என்று சொல்லியனுப்பும். வழி கிடைத்ததும் "கிளம்பு" என்று சொல்லும். வேகத்தைக் குறைப்பதில்லை, நிறுத்தி வைப்பது மட்டுமே. 1999-இல் ஹாலண்டும் நிதின் வைத்யாவும் இதே பாதையில் இன்னும் தெளிவாக அளந்து காட்டினார்கள். எனக்குப் பிடித்தது இவர்கள் கேட்ட கேள்வி. "எவ்வளவு தொலைந்தது" என்பதோடு நிற்காமல் "எதனால் தொலைந்தது" என்று கேட்டார்கள்.

அடுத்ததுதான் எங்கள் ப்ராஜெக்ட்டின் தலையில் விழுந்த இடி. யாருமே நகரவில்லை, பாதையும் அறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எட்டுத் தாவல் தூரம், கருவிகள் வரிசையாக நிற்கின்றன. அப்போதாவது பழைய மருந்து வேலை செய்யுமா?

தளம் போடும் வரிசைக்கே வருவோம். பின்னாலிருந்து சட்டியை வாங்கும்போது முன்னால் கொடுக்க முடியாது, கை இரண்டுதான். ரேடியோவில் இன்னும் மோசம். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் மட்டுமல்ல, அதற்கடுத்தவர் பேசினாலும் எனக்குக் காது அடைக்கும். செட்டிநாட்டு வீடு தெரியுமல்லவா? முகப்பில் நிற்பவர் ஒன்று கேட்கிறார், மூன்றாங்கட்டிலிருந்து ஒருவர் இன்னொன்று கேட்கிறார். இவர் குரல் அவருக்கு எட்டாது, அவர் குரல் இவருக்கு எட்டாது. நடு வளவில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து காதில் விழுந்து, "என்னடா சொல்றிய?" என்பார். இருவரும் திரும்பக் கத்துவார்கள். பொறியியலில் இதற்கு மறைந்த முனைச் சிக்கல் என்று பெயர்.

2001-இல் எம்.ஐ.டி. குழு ஒன்று இந்த வரிசையை அளந்தது. உச்சபட்சமாகவே அலைவரிசையின் நாலில் ஒரு பங்குதான் கடைசிவரை போய்ச் சேர முடியும், வழக்கமான 802.11 முறையில் ஏழில் ஒரு பங்கு. 2003-இல் ஃபூ, ஸெர்ஃபோஸ், லுவோ முதலியோர் ஒரு படி மேலே போனார்கள். வழியில் எட்டுத் தாவல் இருந்தால் ஒரே நேரத்தில் அதன் நாலில் ஒரு பங்கு, அதாவது இரண்டு பாக்கெட் மட்டும் இருப்பதே நல்லது. டி.சி.பி.யோ அதற்கு மேலும் மேலும் தள்ளிக்கொண்டே போகிறது. பாக்கெட்டுகள் எங்கே தொலைகின்றன என்றும் பார்த்தார்கள். வழியில் உள்ள கருவிகளின் வரிசை நிரம்பி வழிவது அபூர்வம். தொலைவதில் பெரும்பகுதி, காற்றைப் பிடிக்க அடித்துக்கொள்ளும் போட்டியில்.

அதாவது நெரிசல் கண்மாயில் இல்லை, காற்றில் இருக்கிறது.

அதே 2003-இல், 1996-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்த ரகுபதி சிவகுமார் ஜார்ஜியா டெக்கில் தன் மாணவர்களோடு ஏ.டி.பி. என்ற முறையை வெளியிட்டார். டி.சி.பி.க்கு ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு, அட்-ஹாக்குக்கென்றே புதிதாகத் தைத்த சட்டை. வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன்னிடம் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது, காற்றில் ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்க்கும். வழியிலேயே மிக அதிகமான தாமதம் எதுவோ அது பாக்கெட்டிலேயே எழுதப்பட்டுப் போகும். அதற்கேற்ற வேகத்தில் அனுப்புகிறவர் சீராக விடுவார். தொலைந்ததை வைத்து ஊகிப்பதே இல்லை. இதற்கெல்லாம் மேலே ஒரு கூரையும் உண்டு. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற பி. ஆர். குமார், பியூஷ் குப்தாவோடு 2000-இல் நிறுவிய கணிதம் அது. கருவிகள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு தேய்ந்துகொண்டே போகும், எந்த முறையாலும் அதைத் தாண்ட முடியாது. பங்காளிகள் பெருகினால் வீட்டில் பங்கு குறைவது மாதிரிதான்.

இப்போது எங்கள் கருநீல பைண்டிங்குக்கு வருகிறேன். நாங்கள் செய்தது என்ன? ஒவ்வொரு கருவியிலும் வரிசையின் நீளத்தை அளந்து, பாதி நிறைந்தவுடன் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை கொடுத்தோம். கண்மாய்க்கு அளவுக்கல் நட்டோம். 2003-இலேயே கண்மாய் நிறைவதில்லை என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் 2010-இல் கல் நட்டுக்கொண்டிருந்தோம். சென்னை ஐ.ஐ.டி.யின் சிவ ராம் மூர்த்தியும் பி. எஸ். மனோஜும் 2004-இல் எழுதிய தடித்த பாடப்புத்தகம் எங்கள் மேஜையிலேயே கிடந்தது. பாதை அறுந்தால் டி.சி.பி. எப்படித் தடுமாறும் என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. அதிலிருந்து படங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் பாக்கெட் இழப்பு குறைந்ததாகக் கோட்டுப்படம் எப்படி வந்தது? என்.எஸ்.-2 சிமுலேட்டரில் ஐந்து தடவை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் நகரும் விதம் மாறும். மூன்று தடவை எங்கள் முறைக்குச் சாதகமாக வந்தது, இரண்டு தடவை பழைய முறையே மேல். ரிப்போர்ட் கொடுக்க நான்கு நாள் இருந்தது. அந்த இரண்டையும் "செட்டிங் ஏதோ தப்பு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டோம். மூன்றின் சராசரியைப் போட்டோம். இதைச் செய்தவன் நான். மற்ற மூவருக்கும் தெரியும், ஆனால் கீபோர்டில் உட்கார்ந்திருந்தது நான்தான். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த மலரில்தான் முதல் தடவை.

நாங்கள் மட்டும் அல்ல என்பது ஆறுதலா வருத்தமா தெரியவில்லை. அட்-ஹாக் துறையின் முக்கியமான மாநாடான மோபிஹாக்கில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலாக்ராஸோ மூவரும் எடுத்துப் பார்த்தார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியவை. எழுதியிருக்கும் விவரத்தை வைத்து இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொரு வேடிக்கை. நாங்கள் எல்லோரும் பயன்படுத்திய ஆள் நகரும் மாதிரியில், குறைந்தபட்ச வேகத்தைச் சுழியம் என்று வைத்தால் நேரம் போகப் போக எல்லோரும் மெதுவாகிக்கொண்டே வருவார்கள் என்று 2003-இல் காட்டினார்கள். நாங்கள் சுழியம்தான் வைத்திருந்தோம்.

வேலைக்குப் போன பிறகு எனக்கு இது உறைத்தது. ரேடியோ கருவிகளைச் சோதிக்கும் வேலை. முதல் மாதம் ஒரு ரிப்போர்ட் கொண்டுபோனேன், இத்தனை சதவீதம் பாக்கெட் இழப்பு என்று. சீனியர் பார்த்துவிட்டு, "எவ்வளவுன்னு நான் கேக்கலப்பா. எங்க, எதனால?" என்றார். பதில் இல்லை. அன்று இரவு என் ப்ராஜெக்ட் ஞாபகம் வந்து தூக்கம் போனது.

அந்தத் தம்பி போன் செய்த பிறகு அலமாரியைக் குடைந்தேன். 2010-இன் சி.டி. கிடைத்தது, நல்லவேளை படித்தது. என்.எஸ்.-2 ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ட்ரேஸ் ஃபைலில் ஒரு வரியாக எழுதும். பாக்கெட் தொலைந்தால் வரி 'டி' என்று தொடங்கும். அதே வரியில் காரணமும் இருக்கும்: வரிசை நிரம்பினால் 'ஐ.எஃப்.கியூ.', பாதை இல்லையென்றால் 'என்.ஆர்.டி.இ.', காற்றில் மோதினால் 'சி.ஓ.எல்.'. நாங்கள் அன்று 'டி' வரிகளை எண்ணினோம். வரியின் மீதியைப் படிக்கவில்லை. இப்போது படித்தேன். மோதலும் பாதை இல்லாமையும் பக்கம் பக்கமாக ஓடின. 'ஐ.எஃப்.கியூ.' தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. விடை எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் கூகுளிலிருந்து பி.பி.ஆர். என்ற புதிய நெரிசல் கட்டுப்பாட்டு முறை வந்தது. பாக்கெட் தொலைந்ததை நெரிசலின் அடையாளமாக அது நம்புவதில்லை. வழியின் அகலத்தையும் போய்வரும் நேரத்தையும் நேரடியாக அளந்து வேகத்தை முடிவு செய்கிறது. எழுதிய ஐவரில் ஒருவர் வான் ஜேக்கப்சன். 1988-இல் அந்த அனுமானத்தை எழுதி வைத்தவரே, 28 வருஷம் கழித்து அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

சி.டி.யில் இருந்த ஐந்து ஓட்டங்களையும், விட்டுப்போன இரண்டையும் சேர்த்து, தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மேலே எழுதியதன் சுருக்கத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப நாங்க டைட்டில மாத்தணுமாண்ணே?"

"வேணாம்ப்பா. டைட்டில் நல்ல டைட்டில்தான். முதல்ல பழைய முறையையே முப்பது தடவ ஓட்டு. 'டி' வரிய காரணவாரியா பிரி. எது அதிகமோ அதுக்கு மருந்து தேடு."

"முப்பதா? ஒரு ரன்னுக்கே இருவது நிமிஷம் ஆகுதுண்ணே."

"ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கு."

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். முப்பது ஓட்டங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் சிறு கோடு. எங்கள் பழைய முறையையும் சேர்த்து ஓட்டியிருந்தார்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கீழே தம்பி எழுதியிருந்தான்: "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே."